திறந்த வீட்டுல ஸ்பாம் நுழைஞ்ச கதை

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒண்ணைப் புடுங்கி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு அடிச்சு வச்சிடறாங்க. இன்னிக்கு எழுதப் போறதும் ஆணி சம்பந்தப்பட்ட மேட்டர்தான். டெக்னிக்கல் பதிவுன்னு தெரிஞ்சதும் பாதிப் பேர் எஸ்கேப் ஆகப் பார்ப்பீங்க. கொஞ்சம் இருங்க. இது எங்க ஊர்க் கதை. அதுல நான் பண்ணின ஒரு முட்டாள்தனமும் இருக்கு. அடுத்தவன் பல்பு வாங்கின கதைன்னா நமக்கு எப்பவுமே ஒரு சந்தோஷம்தானே :-)

நமக்குச் சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. தெரியாதவங்களுக்காக: விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை தாலுகா. சாத்தூர்ல இறங்கி பஸ் மாறி வரணும், கோவில்பட்டி பக்கமா இருந்தும் வரலாம். சுத்திலும் கரிசக்காடு, வானம் பார்த்த பூமி. மழையை நம்ப முடியாததால ஊரே தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பி இருக்கு. நான் எஞ்சினியரிங் படிச்சிட்டு சென்னைக்கு ஓடிப் போய்ப் பொட்டி தட்டிட்டு இருக்கேன். எங்க சின்ன மாமா சிவகாசியில ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்ல கணக்கர். இருபது வருஷத்துக்கு மேல அங்கதான். கம்பெனி பேர் வேண்டாம். ஆபீஸ் சிவகாசியில, குடோன் எங்க ஊர்ப் பக்கம். இது ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

போன ஆடியில குலதெய்வம் கோயிலுக்காக ஊருக்குப் போயிருந்தேன். காலையில காப்பி குடிச்சிட்டு இருக்கும்போது மாமாகிட்ட இருந்து போன்.

"மாப்ள, ஒரு லெட்டரும் போக மாட்டேங்குதுப்பா. போடுறது பூராம் திரும்பி வருது."

"எந்த லெட்டர் மாமா?"

"அதாம்ப்பா, ஈமெயிலு. மொதலாளி என்னையப் பிடிச்சு ஏசுறாரு. நீ அனுப்பவே இல்லைங்கிறாரு."

சிவகாசிப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஆடியோட அருமை தெரியும். ஆடிப்பெருக்கு அன்னிக்குப் பூஜை போட்டுத்தான் அந்த வருஷத் தீபாவளி வியாபாரத்தை ஆரம்பிப்பாங்க. அதை ஒட்டி வெளியூர், வெளி மாநில டீலருங்களுக்கு விலைப்பட்டியல் போகணும். மாமா ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கா அனுப்பியிருக்கார். பாதி அப்படியே திரும்பி வந்துடுச்சு, மீதி ஸ்பாம் ஃபோல்டருக்குப் போயிடுச்சு. லிஸ்ட் வரலைன்னு ரெண்டு மூணு டீலர் வேற கம்பெனிக்கு ஆர்டரே குடுத்துட்டாங்களாம். பழி யார் மேல? கீபோர்டுல கை வச்சவர் மேலதான்.

பைக்கை எடுத்துக்கிட்டு சிவகாசிக்குப் போனேன்.

மேஜைக்கு அடியில ஒரு சர்வர்

ஆபீஸ்ல ஒரு மேஜைக்கு அடியில, பழைய காலண்டர் கட்டுக்குப் பக்கத்துல, சர்வர் ஓடிட்டு இருந்துச்சு. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச். தலைக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் காசு கட்டப் பிடிக்காத முதலாளி, ஒரே தடவை செலவோட முடியட்டும்னு வாங்கி வச்சது. அதுல தப்பே இல்லை. ஆனா வாங்கி வச்ச நாள்ல இருந்து அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரும் எட்டிப் பார்க்கலை.

க்யூவைத் திறந்து பார்த்தேன். வெளியே போகக் காத்துக்கிட்டு இருக்கற மெயில் எல்லாம் அங்கதான் வரிசையில நிக்கும். ஸ்க்ரோல் பண்றேன், பண்றேன், முடிவே இல்லை. ஒண்ணு கூட டீலருக்குப் போறது இல்லை. வாழ்நாள்ல பட்டாசே வாங்காத ஊர்க்காரங்களுக்கு "உங்க அக்கவுன்ட் முடக்கப்பட்டது", "உங்க பார்சல் நிக்குது"ன்னு ஆயிரக்கணக்குல மெயில். அனுப்பினவன் எங்கேயோ இருக்கான். எங்க மாமா ஆபீஸ் சர்வர் அவனுக்குத் தபால்காரனா ஓவர்டைம் பார்த்துட்டு இருக்கு. அதுவும் சம்பளம் இல்லாம. அவ்வ்வ்வ்...

இதுக்குப் பேர்தான் ஓப்பன் ரிலே. கம்ப்யூட்டர் பக்கம் வராத மக்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடறேன். மத்தவங்க அடுத்த தலைப்புக்குத் தாவிடலாம்.

ஒரு மெயில் சர்வர்கிட்ட இன்னொரு சர்வர் பேசறது ரொம்ப மரியாதையா இருக்கும்.

"வணக்கம், நான் இன்ன சர்வர்."

"வாங்க, சொல்லுங்க."

"இவர் குடுத்த மெயில் ஒண்ணு இருக்கு."

"சரி."

"அதை அவருக்குக் குடுக்கணும்."

இந்தக் கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. "அவர்" எங்க வீட்டு ஆள்னா யார் கொண்டு வந்தாலும் வாங்கி வைக்கணும். அதுக்குத்தான் மெயில் சர்வரே. ஊர் உலகத்துல எவன் வேணா மாமாவுக்கு மெயில் போடலாம், அவன் யாருன்னு நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனா "அவர்" எங்க வீட்டு ஆள் இல்லை, கொண்டு வந்தவனும் எங்க ஆள் இல்லைன்னா? "இது எங்க வேலை இல்லைங்க"ன்னு 550 சொல்லித் திருப்பி அனுப்பணும். அதைச் சொல்லாம வாங்கி, தன் செலவுல, தன் பேர்ல கொண்டு போய்க் குடுத்தா அது ஓப்பன் ரிலே.

நமக்கு வர்ற தபால் வேற, நம்ம வழியா போற தபால் வேற. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சாப் போதும், பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

எக்ஸ்சேஞ்ச்ல கனெக்டர்னு ஒண்ணு உண்டு. வாசல்னு வச்சுக்கோங்க. உள்ளே வாங்கறதுக்கு ரிசீவ் கனெக்டர், வெளியே அனுப்பறதுக்கு சென்ட் கனெக்டர். ஒவ்வொரு ரிசீவ் கனெக்டருக்கும் மூணு கேள்வி. எந்த ஐபியில இருந்து வரலாம்? வர்றவன் யாருன்னு நிரூபிக்கணுமா? வந்தவன் யாருக்கெல்லாம் தபால் குடுக்கலாம்? இன்ஸ்டால் பண்ணின உடனே 25-ஆம் போர்ட்ல ஒரு கனெக்டர் தானா வரும். அதுல 0.0.0.0-ல இருந்து 255.255.255.255 வரைக்கும் எல்லா ஐபியும் வரலாம், பேர் தெரியாதவனும் வரலாம். இதைப் பார்த்துட்டு "ஐயையோ திறந்து கிடக்கு"ன்னு பதறி மூடிடாதீங்க. மூடினா வெளியே இருந்து ஒரு மெயிலும் வராது. மூணாவது கேள்விக்கு அதுல பதில் "எங்க டொமைன் ஆளுங்களுக்கு மட்டும்"னு இருக்கும். அதனால ஆபத்து இல்லை.

எங்க மாமா ஆபீஸ்ல அந்த மூணாவது பதிலை யாரோ மாத்தி வச்சிருந்தாங்க. பேர் தெரியாதவன் எவனுக்கு வேணா தபால் குடுக்கலாம்னு பெர்மிஷன்.

அந்த "யாரோ"

சர்வர் போட்டுக் குடுத்தது மதுரையில இருந்து வந்து போற ஒரு பையன். நல்ல பையன், உழைப்பாளி. கோபமாத்தான் போன் பண்ணினேன்.

"ஏம்ப்பா, டீஃபால்ட் கனெக்டர்ல போய் அந்தப் பெர்மிஷனைக் குடுத்திருக்கியே, எதுக்கு?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே... நீங்கதானே சொன்னீங்க."

எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. மூணு வருஷம் முன்னாடி. நான் ஆபீஸ்ல ஏதோ ரிலீஸ் டென்ஷன்ல இருந்தப்போ மாமா நம்பரை வாங்கிக் கூப்பிட்டிருந்தான். ஏழாயிரம்பண்ணை குடோன்ல பில் போடற சாஃப்ட்வேரும் ஸ்கேனரும் இருக்கு. அதுங்க லாரி ஆபீசுக்கும் டீலருக்கும் நேரா மெயில் அனுப்பணும். ஆனா குடோன்ல இருக்கறது சாதா பிராட்பேண்ட், ஐபி தினமும் மாறும். கனெக்டர்ல எந்த ஐபியைக் குடுக்கறதுன்னு கேட்டான். நான் ஒரு காதுல ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு, "இப்போதைக்கு டீஃபால்ட் கனெக்டர்லயே குடுத்துடுப்பா. எல்லா ஐபியும் அதுல வந்துடும். அப்புறமா சரி பண்ணிக்கலாம்"னு சொன்னேன். ரெண்டு நிமிஷப் பேச்சு. "அப்புறமா" வரவே இல்லை. அவன் மறந்தான், நான் சொன்னதையே மறந்தேன்.

முதலாளி மாமாவை ஏசினார். நான் பையனை ஏசப் போனேன். கடைசியில பார்த்தா கதவைத் திறந்து விட்டது நான்.

ஒரு காலத்துல இது நல்ல பழக்கம்

இதுல ஒரு வேடிக்கை. ஓப்பன் ரிலேங்கிறது ஆரம்பத்துல தப்பே இல்லை. 1982-ல ஜான் போஸ்டல் எழுதின ஆர்எஃப்சி 821, மெயில் சர்வருங்க எப்படிப் பேசிக்கணும்னு வகுத்துக் குடுத்தது. ஒரு மெயில் எந்தெந்த சர்வர் வழியாப் போகணும்னு அனுப்பறவரே வரிசையா எழுதி விடறதுக்கே அதுல வழி இருந்துச்சு. அப்போ எல்லா நெட்வொர்க்கும் ஒண்ணோட ஒண்ணு எப்பவும் இணைஞ்சு கிடக்காது. அடுத்த ஊருக்குப் போற பஸ்ல தெரிஞ்சவர்கிட்டப் பொட்டலத்தைக் குடுத்து விடற மாதிரி, ஒரு சர்வர் இன்னொண்ணோட மெயிலை வாங்கிக் கடத்தி விட்டது. அது உபகாரம். மறுத்தாத்தான் மரியாதை இல்லாத ஆளு.

அப்புறம் ஸ்பாமருங்க வந்தாங்க. உபகாரத்தை மொத்தக் குத்தகைக்கு எடுத்துக்கிட்டாங்க. எரிக் ஆல்மன் உருவாக்கின சென்ட்மெயில்தான் அப்போ ரொம்பப் பேர் வச்சிருந்த மெயில் சாஃப்ட்வேர். அது 1998-ல வந்த 8.9 பதிப்புலதான், நீங்களா அனுமதிச்சா ஒழிய அடுத்தவங்க மெயிலைக் கடத்தறதில்லைன்னு மாறிச்சு. அதே வருஷ டிசம்பர்ல ஆர்எஃப்சி 2476, நம்ம ஆளுங்க மெயில் அனுப்பறதுக்குன்னு 587-ஆம் போர்ட்டைத் தனியா ஒதுக்கிச்சு. 1999 பிப்ரவரியில ஆர்எஃப்சி 2505, கண்டவங்களுக்கும் ரிலே பண்ணக் கூடாதுன்னு எழுத்துல சொல்லிடுச்சு. நம்ம நாட்டுல விஎஸ்என்எல் பொது ஜனத்துக்கு இன்டர்நெட் குடுத்தது 1995 ஆகஸ்ட் 15. அதாவது நாம உள்ளே வந்த கொஞ்ச வருஷத்துலயே இந்தப் பாடத்தை உலகம் படிச்சு முடிச்சுடுச்சு. நான் மூணு வருஷம் முன்னாடி ஹெட்செட்டோட மறந்து தொலைச்சேன்.

"அப்புறமா"ங்கிற வியாதி ஓப்பன் ரிலே வச்சிருக்கறவனுக்கு மட்டும் இல்லை, அதைத் தடுக்கறவனுக்கும் உண்டு. ஓஆர்டிபின்னு ஒரு பட்டியல் இருந்துச்சு. ஓப்பன் ரிலேயா இருக்கற சர்வருங்களோட ஐபியைத் திரட்டி வச்சிருப்பாங்க. மத்த சர்வருங்க அதைக் கேட்டுட்டு மெயிலை வாங்கும், இல்லைன்னா மறுக்கும். 2006 டிசம்பர்ல கடையைச் சாத்தறோம், உங்க சர்வர்ல இருந்து எங்க பேரை எடுத்துடுங்கன்னு அறிவிச்சாங்க. நிறைய பேர் எடுக்கவே இல்லை. 2008 மார்ச்ல அந்தப் பட்டியல் எந்த ஐபியைக் கேட்டாலும் "ஆமா, கெட்டவன்தான்"னு பதில் சொல்ல ஆரம்பிச்சுது. மறந்தவங்களுக்கு வர வேண்டிய நல்ல மெயிலும் சேர்ந்து நின்னு போச்சு. திறந்ததை மறந்தாலும் சரி, மூடினதை மறந்தாலும் சரி, ஒரு நாள் பில் வரும்.

யாரும் படிக்காத மெயில் பெட்டி

திரும்ப சிவகாசிக்கு வர்றேன். போஸ்ட்மாஸ்டர்னு ஒரு முகவரி ஒவ்வொரு டொமைனுக்கும் இருக்கணும்ங்கிறது பழைய விதி. சர்வர்ல ஏதாவது கோளாறுன்னா வெளியாளு அதுக்கு எழுதுவாங்க. இங்கேயும் இருந்துச்சு. அதைத் திறந்து பார்த்தவர்தான் யாரும் இல்லை.

நான் திறந்தேன். குப்பைக்கு நடுவுல மூணு மெயில், ஒரே ஆள் எழுதினது. எங்கேயோ வெளிநாட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பார்த்துக்கறவர். "உங்க சர்வர் வழியா எங்க டீச்சருங்களுக்கு பாஸ்வேர்டு கேட்டு மெயில் வருது, கொஞ்சம் பாருங்க"ன்னு முதல் மெயில். ரெண்டாவதுல, எதை மூடணும்னு அவரே விளக்கி எழுதியிருக்கார். மூணாவதுல, ஒரு டீச்சர் ஏமாந்து பாஸ்வேர்டைக் குடுத்துட்டாங்கன்னு இருந்துச்சு. திட்டு எதுவும் இல்லை. நன்றின்னு போட்டுத்தான் முடிச்சிருக்கார். அந்தக் கடைசி மெயில் வந்து அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு.

எனக்கு உறுத்தினது இந்த இடம்தான். விலைப்பட்டியல் போகாததுக்காகத்தான் எங்களுக்கு விஷயமே தெரிஞ்சுது. நம்ம மெயில் நிக்கற வரைக்கும், அடுத்தவன் வீட்டுக் கதவுல நம்ம பேரைச் சொல்லித் திருடன் தட்டினது நமக்கு ஒரு பிரச்னையாவே தெரியலை. அவருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன், என் சொந்த முகவரியில இருந்து. ஏன்னா கம்பெனி முகவரியில இருந்து போட்டா அவர் சர்வர் வாங்காது. நம்மளை எப்பவோ பிளாக் பண்ணியாச்சு. ரொம்ப சரியாப் பண்ணியிருக்கார்.

மாமாவும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தார். திடீர்னு ஒரு கேள்வி கேட்டார். "ஏம் மாப்ள, நம்ம பேர்லயே நம்ம டீலருக்கு எவனும் லெட்டர் போட்டிருந்தா? பேங்க் அக்கவுன்ட் மாறிருச்சு, அட்வான்சை இதுல போடுங்கன்னு?"

நியாயமான கேள்வி. எஸ்பிஎஃப்னு ஒரு பதிவு இருக்கு. "எங்க டொமைன் பேர்ல இந்த ஐபியில இருந்து மெயில் வந்தா அது எங்களோடதுதான்"னு ஊருக்கு அறிவிக்கறது. நம்ம ஐபியே ஓப்பன் ரிலேயா இருந்தா, திருடன் நம்ம பேர்ல போடற கள்ளக் கடிதாசிக்கு நாமளே சீல் குத்திக் குடுத்த மாதிரி ஆயிடும். லாக்கைப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்ச்ல இந்த வகை லாக் வழக்கமா 30 நாள்தான் இருக்கும், அதுக்கு மேல பழசு தானா அழிஞ்சுடும். அந்த 30 நாள்ல அப்படி எதுவும் இல்லை. அதுக்கு முன்னாடி? தெரியாது மாமான்னேன். டீலர் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு விசாரிக்கறதைத் தவிர வேற வழி இல்லை. அன்னிக்குச் சாயந்திரம் பூராவும் மாமா அதைத்தான் பண்ணினார்.

உள்குத்தகை

எங்க ஊர்ப் பக்கம் லைசென்ஸ்ங்கிற வார்த்தைக்குக் கனம் ஜாஸ்தி. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ்னு டீக்கடையில கூடப் பேசிப்பாங்க. ஒரு ரூம்ல இத்தனை பேருக்கு மேல உட்காரக் கூடாது, ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இவ்வளவு இடைவெளின்னு கணக்கு எல்லாம் உண்டு. ஒரு இடத்துல பொறி விழுந்தா அடுத்த இடத்துக்குத் தாவக் கூடாதுங்கறதுக்காக. இந்தக் கணக்கை எல்லாம் உடைக்கற ஒண்ணுக்குப் பேர் உள்குத்தகை. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும், உள்ளே வேலை நடத்தறது வேற யாரோ. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி எங்க ஊர்ப் பக்கத்துல அச்சங்குளத்துல நடந்த வெடி விபத்துல 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் பேப்பர்ல எல்லாம் அடிபட்ட வார்த்தை இந்த உள்குத்தகைதான்.

ஸ்பாம் மெயிலையும் அந்த உயிருங்களையும் ஒரே தராசுல வைக்கலை. வச்சா எங்க ஊர்ல என்னைச் செருப்பால அடிப்பாங்க, அடிக்கவும் வேணும். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். உன் பேர்ல குடுத்த அனுமதியை யார் பயன்படுத்தறான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும்ங்கிற புத்தி எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குக் கூட இருக்கு. அந்தப் புத்தி எஞ்சினியரிங் படிச்ச எனக்கு மெயில் சர்வர் விஷயத்துல இல்லாமப் போச்சு. ஒரு ஐபி முகவரியும் லைசென்ஸ் மாதிரிதான். அதோட நல்ல பேரை வச்சுத்தான் அடுத்த சர்வர் நம்ம மெயிலை வாங்குது. நான் அதை மூணு வருஷமா உலகத்துக்கே உள்குத்தகைக்கு விட்டிருக்கேன், வாடகை கூட வாங்காம.

"கிளவுடுக்குப் போயிட்டா முடிஞ்சுது"

இதைச் சொன்னதும் ஆபீஸ் நண்பர்கள் சொல்ற முதல் யோசனை இதுதான். பாதி சரி. யாரும் பார்த்துக்க ஆள் இல்லாத இடத்துல சொந்தமா மெயில் சர்வர் வைக்காதீங்கன்னுதான் நானும் சொல்வேன். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ரெண்டுக்குமே மைக்ரோசாஃப்டோட வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சும் போச்சு. ஆனா கிளவுடுக்குப் போனா கனெக்டர் ஒழிஞ்சுதுன்னு நினைச்சா அது தப்புக் கணக்கு.

2024 ஜூலையில கார்டியோ லேப்ஸ்ங்கிற பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழு ஒண்ணை வெளியே கொண்டு வந்தாங்க. எக்கோஸ்பூஃபிங்னு பேர் வச்சாங்க. ப்ரூஃப்பாயின்ட் பெரிய மெயில் பாதுகாப்புக் கம்பெனி. அவங்க சர்வர் வழியாவே டிஸ்னி, ஐபிஎம், நைக்கி, கோகோ கோலா பேர்ல எல்லாம் போலி மெயில் போயிருக்கு. எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் பாஸ். சராசரியா ஒரு நாளைக்கு 30 லட்சம். எப்படி? ஆபீஸ் 365-ல இருந்து வந்தா ரிலே பண்ணுன்னு வாடிக்கையாளருங்க செட்டிங் வச்சிருந்தாங்க. யாரோட ஆபீஸ் 365-ன்னு கேட்கலை. திருடனும் ஆபீஸ் 365 அக்கவுன்ட் ஒண்ணை வச்சுக்கிட்டு உள்ளே வந்துட்டான்.

கல்யாண வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு "சாத்தூர் பஸ்ல வந்தவங்க எல்லாரும் நம்ம சொந்தக்காரங்க, உள்ளே விடு"ன்னு சொன்ன மாதிரி. சாத்தூர் பஸ்ல யார் வேணா ஏறலாமே. சர்வர் எங்க இருக்குங்கறது விஷயம் இல்லை. யாரை எல்லாம் நம்பறோம்னு பேர் சொல்லி எழுதியிருக்கோமா, இல்லை வசதிக்காகப் பொத்தாம் பொதுவா விட்டிருக்கோமாங்கறதுதான் விஷயம்.

என்ன பண்ணினோம்

முதல் வேலையா டீஃபால்ட் கனெக்டர்ல அந்தப் பெர்மிஷனைப் பிடுங்கினேன். க்யூவைக் காலி பண்ணினேன். குடோன் பில் சாஃப்ட்வேருக்குத் தனி அக்கவுன்ட், நீளமான பாஸ்வேர்டு, 587-ஆம் போர்ட், என்கிரிப்ஷன். ஐபி மாறினா மாறிட்டுப் போகட்டும், யாருன்னு நிரூபிச்சா உள்ளே வரலாம். மூணு வருஷம் முன்னாடியே இதுதான் பதில், பதினஞ்சு நிமிஷ வேலை. பழைய ஸ்கேனருக்கு இந்த வித்தை எல்லாம் தெரியாது. அது இனி ஆபீஸ் ஆளுங்களுக்கு மட்டும் அனுப்பும். அதுக்கு ஸ்பெஷல் பெர்மிஷன் எதுவும் வேண்டியதில்லை. வெளியாளுக்குப் போகணும்னா மாமா பார்த்து அனுப்புவார்.

பாஸ்வேர்டு இருந்தாப் போதும்னு அசந்துடாதீங்க. ஸ்கேனர்னு பேர், ஸ்கேனர்123-ன்னு பாஸ்வேர்டு வச்சா அதுவும் திறந்த வீடுதான், கதவை லேசாச் சாத்தி வச்சிருக்கு, அவ்வளவுதான். இன்னொரு பொறி: ஃபயர்வால். சில இடத்துல வெளியே இருந்து வர்ற எல்லாத்தையும் ஃபயர்வால் தன்னோட உள் ஐபியில மாத்தித்தான் சர்வர்கிட்டக் குடுக்கும். நீங்க ரொம்பக் கறாரா "192.168-ல ஆரம்பிக்கற உள் ஐபி மட்டும் ரிலே பண்ணலாம்"னு எழுதியிருப்பீங்க. ஆனா சர்வர் கண்ணுக்கு உலகமே உள் ஐபியாத் தெரியும். லாக்ல வெளி ஐபி ஒண்ணு கூடத் தெரியலைன்னா உடனே சந்தேகப்படுங்க.

மூடிட்டோம்னு நம்பறதோட நிறுத்தாதீங்க, வெளியே இருந்து சோதிச்சுப் பாருங்க. வேற நெட்வொர்க்ல இருந்து 25-ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் போட்டு, நம்ம ஆள் இல்லாத ஒருத்தருக்கு மெயில் குடுத்துப் பாருங்க. 550 வந்தா நிம்மதி, 250 வந்தா மறுபடியும் வேலை. பல இன்டர்நெட் கம்பெனி வீட்டு இணைப்புல 25-ஐ வெளியே விடறதில்லை. அதனால இணைப்பே கிடைக்கலைன்னா மூடியிருக்குன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

கறுப்புப் பட்டியல்ல இருந்து பேரை எடுக்கச் சொல்லி விண்ணப்பிக்கறது கடைசி. ஓட்டையை அடைக்காம விண்ணப்பிச்சா திரும்ப ஏத்திடுவாங்க, அடுத்த தடவை நம்பவும் மாட்டாங்க. பேர் இறங்கற வரைக்கும் ஆபீஸ் மெயிலை காசு கட்டின ஒரு ரிலே சேவை வழியா அனுப்பற மாதிரி சென்ட் கனெக்டரைத் திருப்பி விட்டேன். மறுநாள் விலைப்பட்டியல் போச்சு. போன ஆர்டர் போனதுதான்.

முதலாளிகிட்ட நானே போய், திறந்து வைக்கச் சொன்னது நான்தான், மாமா மேலயும் தப்பில்லை, அந்தப் பையன் மேலயும் தப்பில்லைன்னு சொன்னேன். அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். "படிச்ச புள்ளை நீயே இப்படிச் சொன்னா எப்படிப்பா"ன்னு மட்டும் கேட்டார். பதில் இல்லை என்கிட்ட.

ஆனா இதுல உருப்படியான வேலை பண்ணினது நான் இல்லை, மாமாதான். கணக்கர் இல்லையா? எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு நீளமான பேரேட்டை எடுத்து ஸ்கேல் வச்சுக் கோடு போட்டார். எந்த வாசல், யாருக்காகத் திறந்தது, எதுக்கு, யார் சொல்லி, திறந்த தேதி, மூடற தேதி, கையெழுத்து. முதல் வரியில என் பேரை எழுதினார். "யார் சொல்லி"ங்கற கட்டத்துல :-(

"மாப்ள, மூடுற தேதி எழுதாம இனிமே இதுல ஒரு வரி ஏறாது. தற்காலிகம்னு சொல்றவன் தேதியைச் சொல்லட்டும். கைமாத்துக் குடுத்தாக் கூட என்னைக்குத் திருப்புவேன்னு கேப்போம்ல?"

நம்ம ஆபீசுல இதே விஷயத்துக்கு டிக்கெட், அப்ரூவல், டேஷ்போர்டுன்னு எத்தனையோ வச்சிருக்கோம். தேதி போடற கட்டத்தை மட்டும் காலியா விடலாம்னு ஒரு வசதி பண்ணி வச்சிருப்போம். திங்கட்கிழமை போனதும் நான் பண்ணின முதல் வேலை, எங்க டீம்ல "தற்காலிகம்"னு குறிச்சு வச்சிருந்ததை எல்லாம் தேடினது. எத்தனை இருந்துச்சுன்னு கேட்காதீங்க. டேமேஜர் இந்தப் பக்கம் வந்தாலும் வருவார்.

உங்க கையில சர்வர் இருந்தா இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை அந்த போஸ்ட்மாஸ்டர் பெட்டியைத் திறந்து பாருங்க. யாராவது ரொம்ப நாளா நன்றின்னு போட்டு எழுதிட்டு இருக்கப் போறாங்க.

டிஸ்கி: மாமா அனுமதியோடதான் எழுதினேன். "என் பேரைப் போடாத, பேரேட்டைப் பத்தி மட்டும் நல்லா எழுது"ன்னார். எழுதிட்டேன் மாமா.